பதவியின் அளவுகோல்



மக்களாட்சி அரசியலில் அறத்திற்குரிய இடம் எது என்பது இன்றைய சொற்பொழிவின் பொருள். இது பழைய பொருள்தான். தமிழ் மேடைகளில் பலமுறை பேசப்பட்ட பொருள்தான். ஆனால், பேசப்படும்போதெல்லாம் அது பெரும்பாலும் இரண்டு முட்டுச்சந்துகளில் ஒன்றில் போய் நின்றுவிடுகிறது. அந்தக் காலத்துத் தலைவர்கள் நல்லவர்கள், இந்தக் காலத்தவர்கள் கெட்டவர்கள் என்னும் ஏக்கம் ஒன்று; அரசியல் என்றாலே சாக்கடை, அதில் அறத்தைத் தேடுவது பேதைமை என்னும் சலிப்பு மற்றொன்று. ஏக்கத்தால் எந்த ஊழலும் குறைந்ததில்லை. சலிப்பால் எந்த ஊழல்வாதியும் அஞ்சியதில்லை. ஆகவே இவ்வுரை இரண்டையும் விலக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் பொதுப் பதவியில் நீடிக்கத் தகுதி உடையவரா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு நீதிமன்றம் கையாளும் அதே அளவுகோலாலா, வேறொன்றாலா?

மன்னராட்சியில் இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லை. அங்கே அறம் அரசனுடைய நெஞ்சில் இருந்தது. அங்கே இல்லையென்றால் நாட்டில் வேறெங்கும் இல்லை. தன் தீர்ப்பு தவறு என்று அறிந்த கணத்திலேயே அரியணையில் உயிர்விட்ட பாண்டியனைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. தமிழ் உலகம் அவனை இன்றும் பெருமையோடு நினைக்கிறது. நினைக்க வேண்டியவன்தான். ஆயினும், அந்தக் கதையைச் சற்றே உற்று நோக்கினால், கோவலன் வெட்டுண்பதற்கு முன் ஒரு விசாரணையும் நடக்கவில்லை என்பதும், பொற்கொல்லனின் சொல்லைச் சரிபார்க்க ஓர் ஏற்பாடும் இல்லை என்பதும், கண்ணகி அரண்மனை வாயிலில் வந்து நிற்கும்வரை அரசனைக் கேள்வி கேட்பார் எவரும் இல்லை என்பதும் தெரியவரும். மன்னனின் மனச்சான்று பெரியது. ஆனால் அது விழித்தபோது காலம் கடந்திருந்தது. ஆள்பவரின் மனச்சான்று உறங்கும்போதும் அவரைக் கேள்வி கேட்க ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதே மக்களாட்சி. அமைச்சர் அவைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவை மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லத் தவறியவர் விலக வேண்டும். மக்களாட்சியின் அறம் இந்தப் பதில் சொல்லும் கடமையில்தான் குடியிருக்கிறது.

இந்தக் கடமையை வெறும் சட்டத்தால் உண்டாக்கிவிட முடியுமா? முடியாது என்பதை அரசமைப்புச் சட்டத்தை வகுத்தவர்களே அறிந்திருந்தார்கள். 1948 நவம்பர் 4ஆம் நாள், வரைவுச் சட்டத்தை அரசமைப்பு நிர்ணய மன்றத்தின் முன் வைத்துப் பேசிய அம்பேத்கர், கிரேக்க வரலாற்றை எழுதிய குரோட் என்னும் ஆங்கில அறிஞரிடமிருந்து ஒரு கருத்தை எடுத்து விளக்கினார். அதுவே அரசமைப்புச் சட்ட ஒழுக்கம் என்று இன்று வழங்கப்படுவது. அரசமைப்பு வகுத்த முறைகளுக்கு ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருசேரக் கட்டுப்படுதல், அதே வேளையில் அதிகாரத்தில் இருப்பவரை அஞ்சாமல் விமர்சித்தல், தன் எதிரிக்கும் அந்த முறைகள் அதே அளவு புனிதமானவை என்று நம்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்த மனப்பழக்கமே அது. இந்த மனப்பழக்கம் இயல்பாக முளைப்பதன்று, பயிற்றி வளர்க்கப்பட வேண்டியது என்று சொன்ன அம்பேத்கர், இந்திய மக்கள் அதை இன்னும் கற்க வேண்டியவர்களாகவே இருக்கிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நிர்வாக விவரங்களைக்கூட அரசமைப்பில் எழுதி வைக்க வேண்டியதாயிற்று என்பதற்கு அவர் காட்டிய காரணமும் இதுவே.

கற்க வேண்டிய அந்தப் பாடத்தை விடுதலை பெற்ற இந்தியா தொடக்கத்தில் ஓரளவு நன்றாகவே கற்றது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அதை விரிவாகவே பார்க்கலாம்.

1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆக்கப்பட்டு, ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. ஆசிரியர்களும் எழுத்தர்களும் சிறு வணிகர்களும் தங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்காகக் கட்டிய பிரீமியத் தொகை முழுவதும் அரசின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்னும் தொழிலதிபருக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை அந்தக் கழகம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்த்ரா அப்போது பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தவர். முதலீடு பற்றி முடிவு செய்ய வேண்டிய குழு ஒன்று கழகத்தில் இருந்தது. அதனிடம் கலந்தாலோசிக்காமலேயே பங்குகள் வாங்கப்பட்டன. சட்டப்படி ஒரு கழகம் பங்கு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டு அன்றைய அவை கலைந்திருக்கலாம். கலையவில்லை.

கேள்வியை எழுப்பியவர் யார்? எதிர்க்கட்சி உறுப்பினர் அல்லர். ஆளுங்கட்சியின் இருக்கையில் அமர்ந்திருந்த ஃபெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன். 1957 டிசம்பரில் அவர் மக்களவையில் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது, பதில் சொல்ல வேண்டிய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நாட்டின் மிகக் கூர்மையான அறிவாளர்களில் ஒருவர். பிரதமரின் நம்பிக்கைக்கு உரியவர். ஆயினும், மாமனார், மருமகன், நண்பர் என்னும் எந்த உறவும் அந்தக் கேள்வியின் குரல்வளையை நெரிக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரையே கொண்ட விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அவர் விசாரணையைத் திறந்த மண்டபத்தில் நடத்தினார். உள்ளே இடம் கிடைக்காத மக்கள் வெளியே ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அமைச்சர் சாட்சி சொன்னார். செயலாளர் சாட்சி சொன்னார். இருவர் சொல்லுக்கும் இடையே உள்ள முரண் ஊரறிய வெளிப்பட்டது. விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுக்கவில்லை, சில வாரங்களில் முடிந்தது. 1958 பிப்ரவரியில் அறிக்கையும் வந்தது.

அமைச்சரின் வாதம் இன்றைய செவிகளுக்கும் பழக்கமானதே: இந்தக் கொள்முதலுக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை, அதிகாரி தாமாகச் செய்தது. சாக்ளா அந்த வாதத்தை ஏற்கவில்லை. தம் துறைச் செயலாளர் செய்த செயலுக்கு அமைச்சரே அவையின் முன் பொறுப்பேற்க வேண்டும், அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே அவருடைய முடிவின் சாரம். அமைச்சர் பணம் பெற்றதாக எவரும் நிறுவவில்லை. அவர் மீது குற்ற வழக்கு இல்லை, தண்டனை இல்லை, ஒரு நாள் சிறைவாசமும் இல்லை. ஆயினும் அவர் பதவி விலகினார். சிறையின் அளவுகோல் வேறு, பதவியின் அளவுகோல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது.

இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1951இல், எச்.ஜி. முத்கல் என்னும் உறுப்பினர் பம்பாய்த் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காக அவையில் பேசினார் என்ற புகார் எழுந்தபோது, அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவராக இருந்தவரும் இதே டி.டி. கிருஷ்ணமாச்சாரிதான். முத்கலை வெளியேற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவருடைய சொந்தக் கட்சியின் தலைவரான நேரு. பிறருக்கு ஓர் அளவுகோலைப் பிடித்தவர், ஏழு ஆண்டு கழித்துத் தமக்கும் ஒரு கண்டிப்பான அளவுகோல் பிடிக்கப்பட்டபோது அதற்குத் தலை வணங்கினார். வணங்கியதால் அவர் அழிந்துவிட்டாரா? 1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். 1963இல் மீண்டும் நிதியமைச்சரே ஆனார். விலகுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று இக்காலத்தில் அடிக்கடி சொல்லப்படும் சாக்குக்கு வரலாறு தரும் பதில் இதுவே. 1996இல் ஹவாலா வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானபோது எல்.கே. அத்வானி மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகி, வழக்கிலிருந்து விடுபடும்வரை தேர்தலில் நிற்பதில்லை என்றார்; மறு ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது; 1998இல் அவர் மக்களவைக்குத் திரும்பினார். கட்சி வேறு, காலம் வேறு, கொள்கை வேறு, முறை ஒன்று.

அரியலூரை இந்த அவை அறியும். 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மெகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தும் பிரதமர் ஏற்காமல் விட்டிருந்தார். இந்த நிகழ்ச்சி எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகிறது, கைத்தட்டலும் பெறுகிறது. ஆனால் ஒரு கருத்தை இங்கே துணிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சாஸ்திரியின் விலகல் ஒரு மனிதரின் உயர்வைக் காட்டியது. கிருஷ்ணமாச்சாரியின் விலகலோ ஒரு முறையின் உயர்வைக் காட்டியது. சாஸ்திரிகள் தலைமுறைக்கு ஒருவர் பிறக்கக்கூடும், பிறக்காமலும் போகக்கூடும். விலக மனமில்லாத அமைச்சரையும் விலக வைக்கும் கேள்வியும் விசாரணையும் இருந்தால்தான் நாடு பிழைக்கும். தமிழ் மேடைகள் முன்னதையே கொண்டாடிவிட்டுப் பின்னதை மறந்தது ஒரு பெரிய இழப்பு.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதும் அறம் இடம் கொடுக்கிறது என்பதும் ஒன்றா? சென்னை மாநிலத்திலேயே இதற்கு அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. எதிர்த்தரப்பினர் பிரகாசத்தின் தலைமையில் அணி சேர்ந்தனர். அந்த நிலையில், ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, அவரையே முதலமைச்சராக்கினார். ராஜாஜியின் தனிவாழ்வில் எவரும் ஒரு மாசும் காட்ட முடியாது. ஆளுநருக்கு நியமிக்கும் அதிகாரமும் சட்டத்தில் இருந்தது. இருந்தும், வாக்காளர் முன் நிற்காமல் ஆட்சியின் தலைமைக்கு வந்தது சரியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. 1954இல் அவருக்குப் பின் முதலமைச்சரான காமராசரும் அப்போது சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. மேலவை வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, வென்று, பேரவைக்குள் நுழைந்தார். இருவரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் இருவரும் ஒரே வழியில் நடக்கவில்லை.

இனி, பள்ளத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசின் மீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் 14 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. அரசுக்கு ஆதரவாக வாக்களிக்கச் சில உறுப்பினர்கள் பணம் பெற்றதாக வழக்கு எழுந்தது. அவையில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் உறுப்பினர் மீது நீதிமன்ற நடவடிக்கை கூடாது என்று அரசமைப்பின் 105ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. அஞ்சாமல் பேசுவதற்காகத் தரப்பட்ட பாதுகாப்பு அது. 1998இல் உச்ச நீதிமன்றம், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, பணம் பெற்று வாக்களித்தவர்களை அந்தப் பிரிவு காக்கும் என்று தீர்ப்பளித்தது. பணம் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. பணம் வாங்கியும் வாக்களிக்காமல் இருந்தவருக்கும் பாதுகாப்பு இல்லை. அவையோர் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கிய காசுக்கு வேலை செய்தவர் தப்பினார். வாங்கிவிட்டு ஏமாற்றியவர் மாட்டினார். இந்த நிலை ஓராண்டு ஈராண்டு அன்று, 2024 மார்ச் 4ஆம் நாள் ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதை மாற்றும்வரை, ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் நாட்டின் சட்டமாக இருந்தது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஓர் உறுப்பினர் கையூட்டுப் பெற்று வாக்களித்திருந்தால், தாம் சட்டப்படி குற்றவாளி அல்லர் என்று அவரால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்க முடியும். சட்டப்படி குற்றமில்லை என்பது பதவிக்குரிய தகுதிச் சான்று ஆகாது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இடையில், 2005 டிசம்பரில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கிய உறுப்பினர்களைத் தொலைக்காட்சி மறைகேமராவில் பிடித்துக் காட்டியது. மக்களவையைச் சேர்ந்த பதின்மரும் மாநிலங்களவையைச் சேர்ந்த ஒருவரும் இரண்டு வாரங்களுக்குள் அவைகளிலிருந்து நீக்கப்பட்டனர். பல கட்சியினர் அவர்களுள் இருந்தனர். நாடாளுமன்றம் விரும்பினால் விரைந்து நடக்க முடியும் என்பதை அது காட்டியது. விரும்பாத நாட்கள்தாம் அதிகம்.

ஓர் ஒழுக்கம் மங்கும்போது அதன் இடத்தைச் சட்டத்தால் நிரப்ப முயல்வது இயல்பு. கட்சித்தாவலின் கதை அந்த முயற்சியின் பலனையும் வரம்பையும் சேர்த்தே காட்டுகிறது. 1967இல் அரியானாவில் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அந்த நோய் நாடெங்கும் பரவியதால் 1985இல் 52ஆவது திருத்தம் வந்தது. கட்சி மாறினால் பதவி போகும் என்றது. மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தவறில்லை என்ற விதிவிலக்கையும் தந்தது. தனியாகத் தாவியவர்கள் கூட்டமாகத் தாவினார்கள். 2003இல் 91ஆவது திருத்தம் அந்த விதிவிலக்கை நீக்கியது. பதவியையே விட்டு விலகி, புதிய கட்சியின் சின்னத்தில் இடைத்தேர்தலில் நிற்கும் வழி அதன்பின் தோன்றியது. தகுதிநீக்க மனுவை விசாரிக்க வேண்டிய பேரவைத் தலைவர் மாதக்கணக்கில் அதைத் தொடாமலிருப்பதும் ஒரு வழியாயிற்று. இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனச்சான்றின்படி கட்சிக் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் நேர்மையாளரையும் விலைபோனவரையும் இந்தச் சட்டம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. இருவருக்கும் ஒரே தண்டனை. ஃபெரோஸ் காந்தியைப் போல் சொந்த அரசைக் கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் இன்று ஏன் அருகிப் போனார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மக்கள் தீர்ப்பு எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற வாதம் அடுத்தது. 2001ஆம் ஆண்டு இந்த வாதம் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. தண்டனை பெற்றதால் தேர்தலில் நிற்கத் தகுதியிழந்திருந்த ஜெயலலிதா, அவருடைய கட்சி பெரும்பான்மை பெற்றதைத் தொடர்ந்து அந்த ஆண்டு மே மாதத்தில் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். செப்டம்பரில், தேர்தலில் நிற்கத் தகுதியற்றவரை முதலமைச்சராக நியமிக்க முடியாது என்றும், பெரும்பான்மையின் விருப்பமும் அரசமைப்புக்குக் கட்டுப்பட்டதே என்றும் நீதிமன்றம் அந்த நியமனத்தைச் செல்லாததாக்கியது. பின்னர் மேல்முறையீட்டில் அவர் தண்டனை பெற்ற வழக்கில் விடுதலை பெற்று மீண்டும் முதலமைச்சரானார் என்பதும் வரலாறே. தனிமனிதரின் குற்றமும் குற்றமின்மையும் இங்கே பொருள் அல்ல. வாக்குப்பெட்டி ஆட்சி செய்யும் உரிமையைத் தருகிறது. விதிகளிலிருந்து விலக்கைத் தருவதில்லை என்ற கோட்பாடே பொருள்.

அப்படியானால், குற்றச்சாட்டு எழுந்தவுடனே எல்லோரும் விலகிவிட வேண்டுமா? இது நியாயமான எதிர்க்கேள்வி. இதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. புகார் கொடுப்பது எளிது. விசாரணை அமைப்புகள் ஆளுங்கட்சியின் கையில் இருக்கின்றன. ஒரு கைது, ஒரு சோதனை, ஒரு தலைப்புச் செய்தி ஆகியவற்றால் எதிர்க்கட்சி அரசுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவிட முடியுமானால் அதுவும் அறமன்று. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, கடுமையான குற்றச்சாட்டுக்கு ஆளானவர்களை அமைச்சராக்கத் தடை விதிக்க மறுத்து, அவர்களை அமைச்சராக்காமல் இருப்பதைப் பிரதமர், முதலமைச்சர்களின் அரசமைப்புச் சட்ட ஒழுக்கத்திற்கே விட்டுவிட்டது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை அவையோர் அறிவர். 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான 130ஆவது திருத்த மசோதா மறு எல்லைக்குப் போனது. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து முப்பது நாட்கள் காவலில் இருந்தால் முதலமைச்சரும் அமைச்சரும், ஏன், பிரதமரும்கூடப் பதவி இழக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறையிலிருந்து கோப்பில் கையெழுத்திடும் அவலம் கூடாது என்பது உண்மையே. ஆனால் கைது செய்யும் அதிகாரி எவருக்குக் கட்டுப்பட்டவர்? குற்றம் நிறுவப்படுவதற்கு முன்பே காவல் நாட்களின் எண்ணிக்கையைப் பதவியின் அளவுகோலாக்கினால், அளவுகோல் ஆள்பவரின் கைக்கே போய்விடும்.

புகாருக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. இன்றைய அரசியல் அந்த வெளியைக் காலியாக விட்டிருக்கிறது. ஒரு தரப்பினர் புகாரையே தீர்ப்பாக்குகிறார்கள். மறுதரப்பினர் இறுதி மேல்முறையீடு முடியும்வரை எதுவுமே நடக்காதது போல் நடக்கிறார்கள். 1958இல் அந்த நடுவெளியில் ஒரு நீதிபதி அமர்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது, ஒலிபெருக்கி வெளியே ஒலித்தது, சில வாரங்களில் முடிவு வந்தது. சிறைக்கு அனுப்ப ஐயத்திற்கு இடமற்ற சான்று தேவை; அது குடிமகனின் உரிமையைக் காக்கும் விதி. பதவியில் நீடிப்பது எவருக்கும் அடிப்படை உரிமை அன்று. பிறர் பணத்தை வைத்துக் காக்கும் தருமகர்த்தாவிடம் கணக்குக் கேட்க அவர் திருடியது நிறுவப்படும்வரை காத்திருப்பார் உண்டோ? நம்பத்தக்க ஐயம் எழுந்தால், சார்பற்ற ஒருவர் முன், திறந்த அவையில், குறித்த காலத்திற்குள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் நிறைவளித்தால் நீடிக்கலாம். அளிக்காவிட்டால் விலக வேண்டும். இதுவே பதவியின் அளவுகோல்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. அறம் என்ற பெயரைச் சொல்லிப் பொதுவாழ்வுக்குள் நுழைவன எல்லாம் அறம் ஆகா. 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியபோது, எதிர்த்தவர்களும் மதத்தின் பெயராலும் மரபின் பெயராலும்தான் எதிர்த்தார்கள். அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. ஊர் ஒப்புக்கொண்ட ஒழுக்கம் ஒன்று. ஒவ்வொரு மனிதரையும் சமமாக மதிக்கும் அரசமைப்பின் ஒழுக்கம் மற்றொன்று. 2018இல் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தியபோது சுட்டிக்காட்டிய வேறுபாடும் இதுவே. பிறர் எதை உண்கிறார், யாரை மணக்கிறார், எந்த உடை உடுத்துகிறார் என்று காவல் காப்பது பொதுவாழ்வின் அறமன்று. அது பெரும்பாலும் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் கேள்வியைத் திசைதிருப்பும் உத்தி. பொதுவாழ்வின் அறம் பொதுப் பணத்தையும் பொது அதிகாரத்தையும் பற்றியது.

இதுவரை தலைவர்களைப் பற்றிப் பேசியாயிற்று. வாக்காளரை விட்டுவிடலாமா? 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை ரத்து செய்தது. நான்கும் தமிழ்நாட்டுத் தொகுதிகள். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே சட்டப்படி குற்றம். ஆனால் இந்த நிகழ்ச்சிகளுக்காக ஏழை வாக்காளரைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடுவது படித்தவர்களின் வசதியான பழக்கம். வாங்குபவர் நூற்றுக்கணக்கில் வாங்குகிறார். கொடுப்பவரின் மூட்டை எங்கிருந்து வந்தது? பெருநிறுவனங்கள் பெயர் வெளியிடாமல் கட்சிகளுக்கு நிதி தர வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018 முதல் நடைமுறையில் இருந்து, 2024 பிப்ரவரி 15ஆம் நாள்தான் உச்ச நீதிமன்றத்தால் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு; கட்சியின் செலவுக்கு இன்றுவரை உச்சவரம்பே இல்லை. மேலே கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கீழே உண்டியலைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆயினும் வாக்காளர் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மையன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையின் விதிகளைக் கூறுகின்றன. அந்த ஊர்ச் சபையில் நிலமுடைய, வேதம் கற்ற ஆடவர்க்கே இடம் உண்டு. பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் இடமில்லை. ஆகவே அதை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று கொண்டாடுவதில் மிகை உண்டு. ஆனால் ஒரு விதி மட்டும் இன்றைய சட்டங்களையும் விஞ்சி நிற்கிறது: சபையின் வாரியம் என்னும் குழுவில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்கு வரக்கூடாது, அவருடைய உறவினர் பலரும் வரக்கூடாது. திருடியது நிறுவப்பட வேண்டும் என்று அந்த ஊர் காத்திருக்கவில்லை. கணக்குக் காட்டாமையே தகுதியின்மை என்றது.

இன்றைய வாக்காளருக்கு அந்தக் கணக்குக் கேட்கும் உரிமை எழுத்தில் கிடைத்திருக்கிறது. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால், ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்தையும் கடனையும் கல்வியையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். அவற்றுள் முதல் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்வதற்குக் கட்சிகள் தமக்குள் இருந்த பகையை மறந்து ஒன்றுகூடின என்பதே அதன் வலிமைக்குச் சான்று. 2013இல், இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் ஒட்டிக்கொள்ளும் வசதியும் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பல ஊர்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் கூட்டம் முடிந்துவிடுகிறது. கணக்கைப் படிக்கச் சொல்வார் இல்லை.

இந்த அவையில் இருப்போருள் பலர் ஏதோ ஓர் ஊராட்சியின் வாக்காளர்கள். அங்கே கேள்வி கேட்க வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை, கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அடுத்த கிராம சபைக்கு அவரவர் ஊருக்குச் செல்லுமாறும், கையெழுத்திடும் முன் கணக்கைப் படிக்கச் சொல்லுமாறும், படிக்க மறுத்தால் அந்த மறுப்பையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுமாறும் அவையோரை இவ்வுரை வேண்டுகிறது.